தேடுதல் போதும், வேட்டை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இதழில் ‘வேட்டை’ நான்கு தலைப்புகளில் கண்ணில் பட்டது. வாக்கு வேட்டை, பதக்க வேட்டை, வசூல் வேட்டை, அப்புறம் தேடுதல் வேட்டை. முதல் மூன்றோடு எனக்குச் சண்டை இல்லை. சங்கப் பாடல்களில் கடலுக்குப் போய் மீன் பிடிப்பதையும் வேட்டம் என்றுதான் சொன்னார்கள், அதனால் இந்தச் சொல் காட்டை விட்டு வெளியே வந்து வெகுகாலம் ஆகிறது. படம் நன்றாக ஓடினாலும் வசூல் வேட்டை, அதிகாரி லஞ்சம் வாங்கிக் குவித்தாலும் வசூல் வேட்டை, எது எந்த வசூல் என்று அடுத்த வரியிலேயே புரிந்துவிடுகிறது, சரி.

நான்காவதுதான் என்னை உறுத்துகிறது. சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பையனை ஏதோ வழக்கில் சந்தேகப்பட்டுத் தேடினார்கள். ஒரு நாளிதழ் அவன் படத்தைப் போட்டு மேலே ‘தேடுதல் வேட்டை தீவிரம்’ என்று அச்சடித்தது. அவனுக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகு தெரிந்தது. அவன் அம்மா அந்தப் பேப்பரை நான்காக மடித்துப் பீரோவில் வைத்திருந்தார். என்னிடம் காட்டியபோது படத்தைத் தொடவில்லை, அந்தச் சொல்லின் மேல்தான் விரலை வைத்தார். “தேடுறாங்கன்னு போட்டா போதாதா? எம்புள்ள என்ன காட்டுப்பன்னியா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

‘தேடுதல்’ என்றாலே வேலை முடிந்தது. கூட ‘வேட்டை’யைச் சேர்த்தால், ஓடுகிறவன் மிருகம், பிடித்தால் அவனை என்ன செய்தாலும் தகும் என்ற எண்ணம் விசாரணைக்கு முன்பே வாசிப்பவர் மனதில் உட்கார்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, உயிரோடு பிடிப்பது, காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பது, முட்டையை உடைப்பது எல்லாமே வேட்டைதான். ஆனால் கிளிக்குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து விற்றவர்கள் பிடிபட்டால் உங்கள் இதழ் ‘கிளி விற்றவர்கள் கைது’ என்று போடுகிறது. வேட்டை என்று எழுத வேண்டியது அங்கேதான். மனிதர்களைத் தேடும் செய்தியில் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், தலைப்பில் இடமும் மிச்சமாகும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்