பரம்பரைக் கொழுப்பு: பிள்ளைகளையும் சோதியுங்கள்

ஆசிரியருக்கு,

கொலஸ்ட்ரால் கூடினாலே எண்ணெய், முட்டை மீது பழி விழுகிறது. பெரியவர்களுக்கு ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 190 மி.கி.யைத் தாண்டினால், தைராய்டு குறைபாடு இல்லையென்று உறுதிசெய்துவிட்டுப் பரம்பரைக் காரணத்தைத் தேட வேண்டும். ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளிழுப்பது கல்லீரல் செல்லிலுள்ள எல்டிஎல் ஏற்பி; அதன் மரபணு பழுதானால் அந்தக் கொழுப்பு ரத்தத்திலேயே தேங்கும். பத்தியம் மட்டும் போதாது. ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பெற்றார்கள். ஆனாலும் வீட்டிலுள்ள மற்றவர்களைச் சோதிக்கும் வழக்கம் இங்கே இன்னும் வேரூன்றவில்லை என்பது வேதனை.

பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு. ஒல்லியான பிள்ளைதானே என்று விட்டுவிடக் கூடாது. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பது வலுவான அடையாளம். அது இல்லாவிட்டாலும் நோய் இருக்கலாம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய ரத்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.