தம்பி ஒன்றும் சொல்லவில்லை

அன்புள்ள பாப்பா,

நல்லா இருக்கிறாயா. போன் போட்டால் "ம், சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் இத்தனை நீளமா என்று தலையில் அடித்துக்கொள்வாய். பொறுத்துக்கொள். மேலத்தெரு அத்தை முட்டி ஆபரேஷன் முடிந்து வந்துவிட்டாள், உன்னைத்தான் கேட்டாள். மற்ற சேதியெல்லாம் அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு "ஒன்றுமில்லைப்பா" என்று வஞ்சிரக் குழம்பை ஊற்றிக்கொண்டு குனிந்தவன் நிமிரவே இல்லை. நானும் கேட்கவில்லை. ஆக, அவன் ஒன்றும் சொல்லவில்லை. நீ அவனைத் திட்டாதே.

நீ போன வருடம் அனுப்பிய கட்டுரையை இப்போதுதான் முழுதாகப் படித்தேன், அகராதி வைத்துக்கொண்டு மூன்று முறை. 31 வருடம் பிளஸ் டூ-வுக்கு விலங்கியல் நடத்தியவன், செல் பகுப்பைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பிரிவதை நிறுத்திவிட்ட செல்லைப் பற்றி ஒரு பீரியடுகூட எடுத்ததில்லை. 1961-இல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள், மனித செல் ஏறக்குறைய ஐம்பது முறை பிரியும், அதோடு நின்றுவிடும் என்று. குரோமோசோம் நுனியில் இருக்கும் டீலோமியர் தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் போதும் என்றாகிவிடுகிறது. நுனி தேயாத செல்லும் நிற்குமாம், டி.என்.ஏ. கெட்டுப்போனாலோ, புற்றுநோய்க்கான மரபணு முடுக்கிவிட்டாலோ. பி53 மாதிரி புரதங்கள் பிரேக் போட்டுவிடும். உன் கழுத்து மச்சம் இருக்கிறதே, அப்பாயி அதிர்ஷ்டம் என்று தடவிக்கொண்டே இருப்பாளே, அதுவும் அப்படிப் பெருகத் தொடங்கி நின்றுபோன செல்களின் கூட்டம்தானாம். இதைப் படித்தபோது என் பெண் இதில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று திண்ணையில் உட்கார்ந்து எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். அதை உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நீயும்தான் எதையும் சொல்வதில்லை.

நின்ற செல் சும்மா இருப்பதில்லை என்று நீதான் சொன்னாய். வேலை செய்யாது, சாகவும் சாகாது, அழற்சி உண்டாக்கும் சரக்கையெல்லாம் கக்கி அக்கம்பக்கத்துச் செல்களைக் கெடுக்கும், சில நேரம் பக்கத்தில் இருக்கிற புற்றையே வளர்த்துவிடும். "உங்களை மாதிரிதான்பா, ரிடையர் ஆகி தெருவையே அதட்டிக்கொண்டு" என்று சிரித்தாய். நீ சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

அம்மாவுக்குப் புதுச்சேரியில் ஏற்றினார்களே சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், அதுவும் எல்லாப் புற்றுச்செல்லையும் கொல்வதில்லையாம், சிலதை மூப்பாக்கி நிறுத்தி வைக்குமாம். நின்றதில் ஒன்றிரண்டு பிறகு விழித்துக்கொண்டு முன்னைவிட மூர்க்கமாகப் பெருகலாம். எலிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்து, மூத்த செல்களை மட்டும் நீக்கிப் பார்த்தபோது நோய் திரும்புவது குறைந்ததாம், களைப்பும் குறைந்ததாம். அம்மா அந்த ஆறு மாதமும் கிணற்றடி வரைகூட நடக்க முடியாமல் கிடந்தாளே. இந்தச் செல்களைத் தீர்க்க டசாட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தோடு குவெர்செட்டின் சேர்த்துச் சோதிக்கிறார்கள், அந்தக் குவெர்செட்டின் வெங்காயத்தில் இருக்கிறது என்றும் படித்தேன். சின்ன வெங்காயம் தின்றால் போதுமா என்று கேட்க மாட்டேன், பயப்படாதே.

பாப்பா, இதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஆறு வருடம் கழித்து அம்மாவுக்குத் திரும்ப வந்ததற்குக் காரணம் ஏதோ ஒரு செல், நான் இல்லை என்று. ராத்திரி முழுக்க அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். விடியற்காலையில் அது நிற்கவில்லை.

உனக்கும் தம்பிக்கும் தெரியாதது ஒன்று. அம்மா கட்டியைப் பற்றி என்னிடம் சொன்னது ஜூனில் இல்லை. தானே புயலுக்கு முந்தின வாரம், 2011 டிசம்பர், அடுப்படியில் என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். நெல்லிக்காய் அளவு இருந்தது. கொழுப்புக் கட்டியாக இருக்கும், லீவில் பார்க்கலாம் என்றேன். 30-ஆம் தேதி புயல் அடித்தது, பண்ருட்டித் தோப்பில் முந்திரி ஒன்றுகூட நிற்கவில்லை, தாத்தா வைத்த பலா வேரோடு சாய்ந்தது, கரண்ட் இல்லை, நிவாரணத்துக்கு அலைந்தேன். அப்புறம் பொதுத்தேர்வு. அப்புறம் பேப்பர் திருத்தல். அவள் மறுபடி ஒரே ஒரு முறை கேட்டாள், மார்ச்சில், நான் எரிந்து விழுந்தேன். டாக்டரிடம் போனது ஜூனில். டாக்டர் எப்போது கண்டீர்கள் என்று கேட்டபோது "போன வாரம்" என்று அம்மாவே சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். விலங்கியல் வாத்தியார் வீட்டில் ஆறு மாதம்.

அதனால்தான் சொல்கிறேன், எதையும் தள்ளிப்போடாதே. லேபில் வேலை, மீட்டிங், லீவு இல்லை என்று சொல்லாதே. அம்மாவுக்கு வந்தபோது 43, உனக்கு வரும் ஐப்பசியில் 39. தாய்க்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னாலிருந்தே மகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது உனக்குத் தெரியாததா. தள்ளிப்போடாதே. ஏற்கெனவே பார்த்துவிட்டாய் என்றால் ரிப்போர்ட்டுக்குத் தனியாகப் போகாதே. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து பெங்களூருவுக்கு ராத்திரி பஸ் இருக்கிறது, ஏறினால் விடிவதற்குள் வந்துவிடுவேன். எதுவும் கேட்க மாட்டேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தேதி மட்டும் அனுப்பு. வரும்போது வறுத்த முந்திரி எடுத்து வரவா, பச்சையாகவா? அதையும் சேர்த்து எழுது.

அப்பா
மஞ்சக்குப்பம்