செருகுநிரல்களுக்கும் பதிப்புப் பூட்டு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் எழுதுவோர் நாள்தோறும் பயன்படுத்தும் நிரல் திருத்திகளில், பிளகின் எனப்படும் செருகுநிரல்களை நிர்வகிக்கும் முறை இன்றும் நம்பத்தக்கதாக இல்லை. பதிப்பெண்களை எழுதிப் பூட்டிவைத்து அதைச் சீராக்கும் வழி தொழிலுக்குள்ளேயே தெரிந்திருந்தும் அது பரவலான நடைமுறைக்கு வரவில்லை. இதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன். பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகப் பொறுப்பைக் கவனித்துவரும் ஆசிரியர் நான். நிறுவனங்களில் பணிபுரியும் பொறியாளர்களும் எங்கள் மாணவர்களும் ஒரே கருவிகளைத்தான் கையாளுகிறார்கள் என்பதால், இதை ஒரு கல்லூரியின் உள்விவகாரமாகக் கருத வேண்டியதில்லை.

இத்துறைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இன்றைய நிரல் திருத்தி தானாகச் செய்யும் வேலை குறைவு. பைத்தான் நிரலைச் சரிபார்ப்பது, ஜாவா நிரலைப் படிப்படியாக இயக்கிப் பிழை தேடுவது, தொலைவிலுள்ள சர்வருடன் இணைவது ஆகியவற்றைப் பெரும்பாலும் வெவ்வேறு நபர்களும் நிறுவனங்களும் எழுதிய செருகுநிரல்களே செய்கின்றன. ஐபிஎம் நிறுவனம் 2001இல் திறந்த மூலமாக (மூலநிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடியதாக) வெளியிட்ட எக்லிப்ஸ் என்ற திருத்தி, 2004இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து, செருகுநிரல்களை இணைத்து இயக்கும் ஓஎஸ்ஜிஐ என்ற கட்டமைப்பின்மீது இயங்குகிறது. அதில் ஜாவா திருத்தியே ஒரு செருகுநிரல் தொகுப்புதான். மைக்ரோசாஃப்ட் 2015இல் அறிமுகப்படுத்திய விஷுவல் ஸ்டூடியோ கோட் திருத்தியும் செருகுநிரல்களாலேயே வளர்ந்தது. எனவே எந்தத் திருத்தி என்று மட்டும் கேட்டால் போதாது; எந்தெந்தச் செருகுநிரல், ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பு என்று கேட்டால்தான் ஒரு கணினியில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது தெரியும். அந்தக் கேள்விக்கு உறுதியாக விடை சொல்லும் எழுத்துப் பதிவு பெரும்பாலான இடங்களில் இல்லை என்பதே என் முறையீடு.

நிரலுக்குள் சேர்க்கப்படும் நூலகங்களை, அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளைப் பொறுத்தவரை இந்தப் பாடத்தைத் தொழில் பெருமளவு கற்றுவிட்டது. 2016 மார்ச் 22 அன்று, லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை அதை எழுதியவர் அத்தகைய தொகுப்புகளை வழங்கும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ சார்ந்திருந்த ஏராளமான மென்பொருள்களைக் கட்டமைக்க முடியாமல் போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த யார்ன், 2017 மே மாதம் வந்த என்பிஎம் 5 ஆகிய தொகுப்பு நிறுவும் கருவிகள், ஒரு திட்டம் சார்ந்துள்ள ஒவ்வொரு தொகுப்பின் துல்லியமான பதிப்பெண்ணையும் பதிந்துவைக்கும் பூட்டுக் கோப்பைத் தாமாகவே உருவாக்கின. இன்று அத்தகைய கோப்பு இல்லாமல் ஒரு திட்டத்தைச் சமர்ப்பித்தால் மேலாளர் கேள்வி கேட்பார். ஆனால் அந்தத் திட்டத்தை எழுதவும் சோதிக்கவும் பயன்பட்ட செருகுநிரல்களின் பதிப்புகள் எங்கே பதியப்பட்டுள்ளன என்று எவரும் கேட்பதில்லை.

விஷுவல் ஸ்டூடியோ கோடில் ஒரு திட்டத்துக்கு உகந்த செருகுநிரல்களைப் பரிந்துரைக்கும் கோப்பு ஒன்று உண்டு. அதில் பெயரைக் குறிப்பிடலாம். பதிப்பெண்ணைக் குறிப்பிட இடமில்லை. ஒரு செருகுநிரல் இன்னொன்றைச் சார்ந்திருப்பதாக அறிவிக்கும்போதும் பெயர் மட்டுமே எழுதப்படுகிறது. எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை என்ற வரம்பு அங்கே கிடையாது. அப்படிச் சார்பாக அறிவிக்கப்பட்ட செருகுநிரல் தன் செயல்முறையை மாற்றிக்கொண்டால், அதைச் சார்ந்திருப்பது காரணம் புலப்படாமல் செயலிழக்கிறது. இதற்கு மேல், செருகுநிரல்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்வதுதான் இயல்பான அமைப்பாக விடப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட பதிப்பைத் தேர்ந்தெடுத்து நிறுவவும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தவும் வழி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது ஒவ்வொரு பயனரும் தம் கணினியில் தாமே தேடிச் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடாக இருக்கிறதே அன்றி, திட்டத்தோடு சேர்ந்து பயணிக்கும் விதியாக இல்லை.

எக்லிப்ஸ் இந்த விஷயத்தில் முன்னரே அதிகம் சிந்தித்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓஎஸ்ஜிஐ முறையில் ஒவ்வொரு செருகுநிரலும் தனக்குத் தேவையானவற்றையும் அவற்றின் பதிப்பு வரம்பையும் எழுதிவைக்க முடியும். 2008 ஜூன் மாதம் வெளியான 3.4 பதிப்பில் பழைய புதுப்பிப்பு மேலாளருக்குப் பதிலாக பி2 என்ற நிறுவல் முறை வந்தது. முரண்பாடில்லாத ஒரு தொகுதியைக் கண்டறிவதற்காக அதற்குள் தருக்கச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒரு நிரலே பொருத்தப்பட்டிருக்கிறது. முந்தைய நிறுவல் நிலைக்குத் திரும்பிச் செல்லும் வசதியும் அதில் உண்டு. அப்படியிருந்தும் நடைமுறையில் சிக்கல் தீரவில்லை. ஒரு சிறு செருகுநிரலை நிறுவும்போதுகூட, பட்டியலில் உள்ள எல்லாப் புதுப்பிப்புத் தளங்களையும் தொடர்புகொள்ளும் தெரிவு இயக்கத்தில் இருந்தால், அவற்றில் எப்போதோ கைவிடப்பட்ட ஒரு தளம் பதிலளிக்காததால் நிறுவல் நெடுநேரம் இழுபட்டுத் தோல்வியில் முடிவதுண்டு. பழைய நிலைக்குத் திரும்ப முயலும்போது, தேவையான பழைய கோப்புகள் கணினியிலும் இல்லாமல் மூலத்தளத்திலிருந்தும் அகற்றப்பட்டிருந்தால் அந்த வசதி பயன்படுவதில்லை. எக்லிப்ஸ் கருவியே 2020 செப்டம்பர் பதிப்பில் ஜாவா 11க்கும், 2022 செப்டம்பர் பதிப்பில் ஜாவா 17க்கும் நகர்ந்தபோது, பழைய ஜாவாவோடு இருந்த கணினிகளில் புதிய செருகுநிரல்கள் ஏறவில்லை. பதிப்பு வரம்பை எழுதிவைப்பது பாதி வேலை என்றால், அந்தப் பதிப்பின் பிரதி ஒன்றை நம் கையிலேயே வைத்திருப்பது மறுபாதி என்பதை எக்லிப்ஸின் அனுபவம் காட்டுகிறது.

2024 பிப்ரவரித் தொடக்கத்தில் நடந்தது இன்னும் தெளிவான சான்று. விஷுவல் ஸ்டூடியோ கோடின் 1.86 பதிப்பு, தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வரில், அதன் நிரல்கள் இயங்க அடிப்படையான ஜிஎன்யு சி நூலகத்தின் 2.28 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. லினக்ஸ் வகைகளான சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 2.17, உபுண்டு 18.04இல் இருப்பது 2.27. திருத்தி தானாகப் புதுப்பித்துக்கொண்டதால், முதல்நாள் வரை வேலைசெய்துகொண்டிருந்த சர்வர்களோடு மறுநாள் இணைய முடியாத நிலைக்குப் பலர் ஆளானார்கள். சென்ட்ஓஎஸ் 7இன் ஆதரவுக் காலம் அப்போது முடிந்திருக்கவில்லை. அது முடிந்தது அந்த ஆண்டு ஜூன் 30 அன்றுதான். கடும் எதிர்ப்புக்குப் பின் மைக்ரோசாஃப்ட் அடுத்த திருத்தப் பதிப்பில் பழைய சர்வர்களுக்கு ஓராண்டு அவகாசம் அளித்தது. பழைய நூலகத்தை என்றைக்காவது கைவிடத்தான் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த மாற்றத்துக்குப் போதிய அவகாசம் கொடுக்காமல், பயனர் தேர்ந்தெடுக்காத ஒரு புதுப்பிப்பின் வழியாக அதைத் திணித்ததுதான் தவறு.

கல்லூரி ஆய்வகத்தில் இதன் விளைவு வேறு வடிவில் வருகிறது. ஒரே நாளில், ஒரே பிரதியிலிருந்து நிறுவப்பட்ட கணினிகள்கூடச் சில மாதங்களில் ஒன்றுக்கொன்று வேறுபட்டுவிடுகின்றன. எந்தக் கணினி அடிக்கடி இயக்கப்பட்டது, எதற்கு அன்று இணைய இணைப்பு கிடைத்தது என்பதைப் பொறுத்து அவற்றின் செருகுநிரல்கள் வெவ்வேறு பதிப்புகளில் நிற்கின்றன. ஒரே நிரலை அடுத்தடுத்த இரு கணினிகளில் திறந்தால் ஒன்றில் பிழையைக் காட்டும் சிவப்புக் கோடுகள் தோன்றுகின்றன, மற்றதில் தோன்றுவதில்லை. ஒன்றில் பிழைதேடும் கருவி இயங்குகிறது, மற்றதில் தொடங்கியவுடன் நின்றுவிடுகிறது. பள்ளியில் கணினியை அதிகம் தொட வாய்ப்பில்லாமல் வந்து, முதலாண்டில் அப்போதுதான் நிரல் எழுதக் கற்கும் மாணவி, திரை சொல்வதே சரி என்று நம்புகிறார். தன் நிரலில் தவறே இல்லாதபோதும் தவறு தன்னுடையதுதான் என்று முடிவுகட்டி, சரியாக இருந்த வரிகளைத் திருத்திக் கெடுத்துக்கொள்கிறார். ஆசிரியரான எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். அனுபவமுள்ள பொறியாளர் கருவியைச் சந்தேகிப்பார். புதிதாகக் கற்பவர் தன்னையே சந்தேகிப்பார். செய்முறைத் தேர்வில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தச் சந்தேகத்துக்கு மாணவர் கொடுக்கும் விலை மதிப்பெண்.

பதிப்புகளைப் பூட்டிவைத்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராதே என்று சிலர் வாதிடுகிறார்கள். கவலை நியாயமானது; ஆனால் அதற்கு விடை தானியங்கிப் புதுப்பிப்பு அன்று. செருகுநிரல்கள் பெரும்பாலும் திருத்திக்கு உள்ள அதே உரிமைகளோடு இயங்குகின்றன. கோப்புகளைப் படிக்கவும் இணையத்துக்கு அனுப்பவும் அவற்றால் முடியும். 2025 அக்டோபரில், செருகுநிரல்களை வழங்கும் ஓபன் விஎஸ்எக்ஸ் களஞ்சியத்தில் கண்டறியப்பட்ட கிளாஸ்வோர்ம் என்ற தீநிரல், கண்ணுக்குப் புலப்படாத யூனிகோட் எழுத்துகளுக்குள் மறைந்து செருகுநிரல்கள் வழியாகப் பரவியது. பயனர் எதையும் அழுத்தாமலே புதிய பதிப்பு கணினிக்குள் வந்துவிடும் ஏற்பாடு அதற்கு உதவியாக அமைந்தது. நல்ல திருத்தமும் தீய நிரலும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. ஒரு பொறுப்பாளர் புதிய பதிப்பை ஒரு கணினியில் சோதித்து, பூட்டுக் கோப்பில் எண்ணை மாற்றி, அதன்பின் எல்லாக் கணினிகளுக்கும் அனுப்புவதே இரண்டு கவலைகளுக்கும் பொருத்தமான நடைமுறை.

இது நடக்க முடியாத கோரிக்கை அன்று. மென்பொருளைத் தானாகக் கட்டமைத்துச் சோதிக்கும் ஜென்கின்ஸ் சர்வரில் செருகுநிரல்களின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதி அதன்படியே நிறுவ முடிகிறது. நியோவிம் திருத்திக்காக எழுதப்பட்ட லேஸி என்ற திறந்த மூலச் செருகுநிரல் மேலாளர், பூட்டுக் கோப்பைத் தானாகவே உருவாக்கிப் பராமரிக்கிறது. திறந்த மூலத் திட்டங்கள் செய்துகாட்டியதைப் பெரும் நிறுவனங்களின் திருத்திகள் தங்கள் இயல்பான அமைப்பாக இன்னும் ஏற்காமல் இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. திட்டக் கோப்பிலேயே செருகுநிரலின் பதிப்பெண்ணை எழுதும் வசதி, சார்புகளுக்குப் பதிப்பு வரம்பு, முந்தைய பதிப்பின் பிரதியைக் கணினியிலேயே வைத்திருந்து இணையமின்றித் திரும்பிச்செல்லும் வழி ஆகிய மூன்றையும் அவை தர வேண்டும்.

கருவி எழுதுவோருக்காகக் காத்திருக்காமல் நம் கல்வி நிறுவனங்களும் ஒன்று செய்யலாம். நான் பார்த்த செய்முறைப் பாடத்திட்டங்களில் தேவையான மென்பொருளின் பெயர் இருக்கிறது. பதிப்பெண் பெரும்பாலும் இல்லை. பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மொழி, திருத்தி, செருகுநிரல்கள் ஆகியவற்றின் பதிப்புகளை அறிவித்து, அவற்றின் நிறுவல் கோப்புகளைத் தங்கள் தளத்திலேயே வைத்துக் கொடுத்தால், கல்லூரிகள் அவற்றை இறக்கி, தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, பருவம் முடியும்வரை மாற்றாமல் வைத்திருக்கலாம். பாதுகாப்புத் திருத்தம் அவசரமாகத் தேவைப்பட்டால் அதையும் பல்கலைக்கழகமே சோதித்து அறிவிக்கலாம். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எந்தப் புதுப்பிப்பும் கூடாது என்ற விதியையும் தேர்வுச் சுற்றறிக்கையிலேயே சேர்க்குமாறு பல்கலைக்கழக அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்,
கோயம்புத்தூர்.