மங்கைக்கு, நித்திரை பற்றி

கோண்டாவில்,
மாசி மாதம்

அன்புள்ள மங்கை,

நீ குளியலறையில் விழுந்ததை உன் தங்கை சொல்லித்தான் அறிந்தேன். இடுப்பு தப்பியது, மணிக்கட்டில் மட்டும் வெடிப்பு என்றாள். கேட்டவுடன் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டேன். எனக்குச் சொல்லக் கூடாது என்று நீ அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம். அவளிடம் ரகசியம் தங்காது என்பது கலாசாலை விடுதியில் முறுக்கு டின் பிடிபட்ட நாளிலேயே உனக்குத் தெரியுமே!

இங்கே எல்லோரும் சுகம். பெரியவளின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறான். கறுத்தக்கொழும்பான் மாமரம் நன்றாகப் பூத்திருக்கிறது. கணக்கு மாஸ்டர் இன்னும் சைக்கிள்தான் ஓடுகிறார், இன்னும் யாருக்கும் வழிவிடுவதில்லை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

மத்தியானச் சோறு உண்டுவிட்டு ஒன்றரை மணிக்குத் தொலைபேசியை எடுத்தால், நீ வாட்ஸ்அப்பில் இருப்பதாகக் காட்டும். அப்போது டொராண்டோவில் அதிகாலை மூன்று மணி. பலமுறை பார்த்திருக்கிறேன், கேட்டும் இருக்கிறேன். "பேரனுக்குப் பால் கொடுக்க எழும்பினேன்" என்பாய். அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். விழுந்த இரவில் ஒரு நித்திரைக் குளிசை போதவில்லை என்று இரண்டாவதையும் போட்டாய் என்று உன் தங்கை சொன்னபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம். கோபிக்காமல் முழுவதும் வாசி.

உன் போத்தலில் இருக்கும் பெயர் சோபிக்குளோன், ஒரு குளிசை 5 மில்லிகிராம். காலையில் வாயெல்லாம் கசக்கிறது என்று முறைப்பட்டாயே, அந்தக் கசப்பே இந்த மருந்தால் வருவதுதான். கனடாவின் சுகாதாரத் திணைக்களம் 2014 இல் இதன் தொடக்க அளவை 3.75 மில்லிகிராமாகக் குறைத்தது. முதியவர்களுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது. எழும்பிய பிறகும் மருந்தின் மந்தம் உடம்பில் நிற்கிறது, வாகனம் ஓட்டுவதற்கே ஆபத்து என்பது அதற்குக் காரணம். நமக்கு வயது போகப் போக ஈரல் மருந்தை மெதுவாகத்தான் கழிக்கும். கால் தளரும், தலை சுற்றும். நடு இரவில் சிறுநீர் கழிக்கப் போகிறவள் அந்த நிலையில் எப்படி நேராக நடப்பாள்?

ஆனால் ஒன்று, மங்கை. இன்றிரவே எல்லாக் குளிசைகளையும் குப்பையில் கொட்டிவிடாதே. உனக்கு வீம்பு அதிகம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். என் அம்மாவை நினைத்துப் பார். 1987 ஐப்பசிச் சண்டைக்குப் பிறகு அவருக்கு நித்திரைக்கென்று டயசிபாம் கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்று தொடங்கியது வருடக்கணக்காக நீண்டது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நகர்ந்தோமே, அப்போது அவருடைய மடியில் இருந்தது கடைசி அட்டை. மருந்துத் தடைக் காலம், கொடிகாமத்தில் எங்கே போய்க் குளிசை தேடுவது? அட்டை முடிந்த பிறகு அம்மாவுக்குக் கை நடுங்கியது, உடம்பெல்லாம் வியர்த்தது, இரவெல்லாம் கண் மூடாமல் யாரோ வருகிறார்கள் என்று அனுங்கினார். நீதான் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய். இடப்பெயர்வின் பயம் என்று எல்லோரும் சொன்னார்கள். பயமும் இருந்ததுதான். ஆனால் நெடுநாள் போட்ட குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் உதறும், சிலருக்கு வலிப்புக்கூட வரும் என்று பின்னாளில் ஒரு வைத்தியர் விளக்கினார். உன்னுடைய குளிசை வேறு வகை. ஆனாலும் மூளையில் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது.

இவர் போன பிறகு எனக்கும் நித்திரை போனது உனக்குத் தெரியும். ஒன்பது மணிக்கே கட்டிலில் ஏறிவிடுவேன். பன்னிரண்டு மணிக்குக் கண் அயரும், இரண்டு மணிக்கு விழிக்கும், பிறகு விடிந்த பின்னும் அயர்வதும் விழிப்பதுமாகப் புரளுவேன். சனம் சொல்லாத மருந்து இல்லை. பாலில் கசகசா, பனங்கற்கண்டு, நல்லெண்ணெய் முழுக்கு, தலைக்கு வல்லாரை எண்ணெய். மாலையில் முழுகுவது எனக்கு உண்மையாகவே சுகமாக இருந்தது. வெந்நீரில் குளித்தபின் கை கால் வழியாக உடம்பின் சூடு வெளியேறுகிறது, உள்ளுடம்பு குளிர்ந்தால்தான் நித்திரை வரும். ஜாதிக்காயை மட்டும் தொடவில்லை, நீயும் தொடாதே. அளவு கூடினால் நெஞ்சு படபடக்கும், இல்லாத உருவமெல்லாம் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு தன்னுடைய குளிசையில் பாதியை உடைத்து நீட்டினார். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது, வாங்கவில்லை.

கடைசியில் ஒரு வைத்தியரிடம் போனேன். உனக்குத் தெரிந்த பிள்ளைதான், ஐந்தாம் வகுப்பில் உன்னிடம் பெருக்கல் வாய்பாட்டுக்குப் பிரம்படி வாங்கியவன். அவன் மருந்துச் சீட்டு எழுதவில்லை, ஒரு கொப்பி தந்தான். எத்தனை மணிக்குப் படுத்தேன், சுமாராக எப்போது கண் அயர்ந்தது, எப்போது எழும்பினேன் என்று காலையில் எழுதச் சொன்னான். இரவில் மணிக்கூட்டைப் பார்க்கவே கூடாதாம். கொப்பியைப் பார்த்துவிட்டு அவன் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டேன்: "ரீச்சர், ஒன்பது மணித்தியாலம் கட்டிலில் கிடக்கிறீர்கள், கொள்வது ஐந்தரை மணித்தியால நித்திரை. இனி ஐந்தரை மணித்தியாலம் மட்டும் கட்டிலில் இருங்கள்."

நித்திரை இல்லாமல் தவிக்கிறவளைப் பார்த்து இன்னும் குறைத்துப் படு என்றால் எப்படி இருக்கும்? ஆனால் அவன் ஆறுதலாக இருந்து விளக்கினான். சோற்றுக்குப் பசி இருப்பதுபோல் நித்திரைக்கும் பசி இருக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேருகிறது, அதுதான் அந்தப் பசி. இதோடு உடம்புக்குள் ஓடும் நாள்மணிக்கூடு ஒன்றும் உண்டு, வெளிச்சம்தான் அதற்குச் சாவி கொடுக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் நித்திரையை நடத்துகின்றன என்று அலெக்சாண்டர் போர்பெலி என்ற அறிஞர் 1982 இல் எழுதியிருக்கிறார். ஒன்பது மணிக்கே படுத்து, விடிந்த பிறகும் கட்டிலை விடாமல், மத்தியானமும் கண்ணயர்ந்தால் பசி எப்படிச் சேரும்? பின்னேரம் ஐந்து மணிப் பிளேன்ரீயும் சேர்ந்து கெடுக்கிறது. அதிலுள்ள கஃபீன் போய் அடினோசின் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அதில் பாதி கழியவே ஐந்து மணித்தியாலம் போல ஆகுமாம்.

பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழும்ப வேண்டும், எவ்வளவு மோசமான இரவானாலும் ஐந்துக்குத்தான். படுத்துச் சிறிது நேரத்தில் நித்திரை வராவிட்டால் கட்டிலை விட்டு இறங்க வேண்டும், கண் சொருகும்போதுதான் திரும்ப ஏறலாம். கட்டிலில் தொலைபேசி இல்லை, புத்தகம் இல்லை, நாளைய கறி பற்றிய யோசனையும் இல்லை. முதற்கிழமைகள் கொடுமை, மங்கை. மாலை ஏழு மணிக்கே தலை தொங்கும். எரிச்சலில் மகளிடம் சீறி விழுந்தேன். இரவில் விறாந்தைக் கதிரையில் மங்கிய விளக்கோடு இருந்து பனையோலைப் பெட்டி பின்னினேன், அவை இப்போது சொந்தக்காரர் வீடெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. பிறகு ஒரு காலம் வந்தது, தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும். கட்டிலில் கிடக்கும் நேரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு நித்திரையாக மாறியதும் கால் மணித்தியாலம் கூட்டித் தந்தான். கிழமைக்குக் கால் மணித்தியாலமாகக் கூட்டிக் கூட்டி, இப்போது பத்தேகாலுக்குப் படுக்கிறேன். இடையில் ஒருமுறை விழிப்பு வரத்தான் செய்கிறது. நம் வயதில் ஆழ்ந்த நித்திரை குறையும், விழிப்பது நோயில்லை என்று அறிந்ததே பாதி மருந்தாகிவிட்டது.

இதற்கு அறிகை நடத்தைச் சிகிச்சை என்று பெயர். நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016 இல் பரிந்துரைத்தது. ஆனால் நீயாகத் தொடங்காதே. வலிப்பு உள்ளவர்களுக்கும் இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கும் நேரத்தைக் குறைப்பது ஆகாது. நீ இன்னும் கார் ஓடுகிறாய், முதற்கிழமைகளில் சாவியை மகளிடம் கொடுத்துவிடு.

இனி உன்னோடு மட்டும் பேசக்கூடிய ஒன்று. நாம் வெறுமனே நித்திரை தொலைத்தவர்கள் இல்லை, விழித்திருக்கப் பழக்கப்பட்டவர்கள். பலாலி இராணுவ முகாமில் ஷெல் குத்தும் சத்தம் கேட்டால் விழும் வரை எண்ணினோம். எண்ணி முடிவதற்குள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கினோம். ஆழ்ந்து உறங்கிய தாய் அன்று நல்ல தாய் இல்லை. மின்சாரமில்லாத அந்த வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கை அணைத்ததும் ஊர் படுத்துவிடும், காது மட்டும் படுக்காது. அந்தக் காதை இன்னும் நாம் கழற்றி வைக்கவில்லை. நீ பனி கொட்டும் ஊரில், பதின்மூன்றாம் மாடியில், பூட்டிய கதவுக்குள் இருக்கிறாய். ஆனால் லிஃப்ட் சத்தத்துக்கும் உன் கண் திறக்கிறது என்று நீயே எழுதியிருந்தாய். குளிசை அந்தக் காதைச் சில மணித்தியாலம் அடைக்கும், இனிப் பயமில்லை என்று அதற்குச் சொல்லிக் கொடுக்காது. போர்க்காலத்தில் இங்கே மனநோய் வைத்தியம் பார்த்த தயா சோமசுந்தரம் மூச்சுப் பயிற்சியையும் சாந்தியாசனத்தையும் செபத்தையும் நம் சனத்துக்குச் சிகிச்சையாகவே பயன்படுத்தினார். எனக்குத் தேவாரம் கை கொடுக்கிறது, கட்டிலில் ஏறுமுன் மெல்லப் படிக்கிறேன். பொங்கலிலிருந்து இங்கே பெடியன்கள் காற்றில் ஒலிக்கும் விண் கட்டிய பட்டங்களை இரவிலும் இறக்காமல் மரத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள். வாடைக்காற்றில் விடிய விடியக் கூவுகிறது. போன வருடம் அந்தச் சத்தத்தோடு சண்டை பிடித்தேன். இந்த வருடம் அதைக் கேட்டபடியே உறங்கிவிடுகிறேன்.

உன் குறட்டைக்கு வருகிறேன். விடுதியில் உனக்குப் பக்கத்துக் கட்டில் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினோம், மேற்பார்வையாளர் அம்மா ஒருநாள் மாடு புகுந்துவிட்டது என்று டோர்ச்சோடு வந்தார், நினைவிருக்கிறதா? சிரிக்காமல் கேள். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று விழிப்பதும், காலையில் தலை கனப்பதும், பகலில் கதிரையிலேயே சாய்வதும் நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். அப்படியானால் நித்திரைக் குளிசை அதை இன்னும் மோசமாக்கக்கூடும். அங்கே இதைச் சோதிக்க நித்திரை ஆய்வுகூடங்கள் உண்டு. வைத்தியரிடம் குறட்டை பற்றி வாய் திறந்து சொல். வெட்கப்படுகிற வயதா இது?

உங்கள் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு 2014 இல் வெளியானது. நெடுநாள் பென்சோடயசெபின் குளிசை (அம்மா போட்ட டயசிபாம் அந்த வகைதான்) போட்ட முதியவர்களின் ஒரு பகுதியினருக்கு, அதன் தீங்கையும் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையையும் எழுதிய ஒரு கையேட்டைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் நூற்றுக்கு 27 பேர் முற்றாக நிறுத்திவிட்டார்கள். கையேடு கிடைக்காதவர்களில் நிறுத்தியவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். எழுத்தை வாசித்து இவ்வளவு பேர் மாறினார்கள் என்றால், வாழ்நாளெல்லாம் எழுத்தறிவித்த உன்னால் முடியாதா? குளிசையைக் குறைக்கும் அளவையும் வேகத்தையும் உன் வைத்தியரும் மருந்தாளரும்தான் வகுக்க வேண்டும், மாதக்கணக்கில் மெதுவாக. குறைக்கும்போது சில இரவுகள் முன்னையிலும் மோசமாக இருக்கும், அதை வைத்து இது சரிவராது என்று முடிவு கட்டிவிடாதே.

அடுத்த கிழமை மருமகனின் தம்பி அங்கே வருகிறான். ஒடியல் மாவும் வேப்பம்பூ வடகமும் ஒரு கொப்பியும் கொடுத்துவிடுகிறேன். கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: படுத்த நேரம், எழும்பிய நேரம், போட்ட குளிசை. இடக்கை சும்மாதானே இருக்கிறது, கோணலாக என்றாலும் எழுது. இரண்டு கிழமை எழுதி, பக்கங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. வைத்தியரிடம் எப்போது போகிறாய் என்பதையும் எழுது. திகதி குறிப்பிடாத பதிலை ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

உன்
தேவி