பாங்கின் பதவிகளும் பேலாவின் நினைவும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. ஓய்வுக்குப் பின் மீண்டும் வரலாற்று வாசிப்பில் இறங்கியிருக்கிறீர்கள் என்பதை அறிந்து பெரிதும் மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். மழை விடாமல் பெய்வதால் நானும் வீட்டிலிருந்தபடி ஹங்கேரியின் ஆர்பாத் குல மன்னர்களைப் பற்றியே படித்து வருகிறேன். அரசியைக் கொன்ற சதியில் பங்குகொண்டவராகச் சொல்லப்படும் பிரபு பாங்க், அதே மன்னரின் அவையில் எப்படி மீண்டும் பதவி பெற்றார் என்று கேட்டிருந்தீர்கள். சில நாட்களாக என் மனத்தை நிறைத்திருப்பதும் அந்தக் கேள்விதான்.

பாங்க் 1208இல், இன்றைய குரோவேஷியாவில் உள்ள ஸ்லவோனியாவின் ஆளுநரானார். 1212இல் மன்னருக்கு அடுத்த நிலையிலிருந்த பலட்டீன் பதவியைப் பெற்றார். அப்போது ஆட்சியிலிருந்தவர் இரண்டாம் அந்திராஷ். அவருடைய அரசி கெர்த்ரூட், ஜெர்மானிய மெரானியா குடும்பத்தில் பிறந்தவர். அரசியின் சகோதரர் பெர்த்தோல்டுக்குக் கலோச்சா பேராயர் பதவி கிடைத்தது. இப்படி அயலவர் உயர்ந்ததால் உள்நாட்டுப் பிரபுக்களின் மனக்கசப்பு வளர்ந்தது. 1213 செப்டம்பர் 28 அன்று, மன்னர் இன்றைய உக்ரைனில் இருந்த ஹாலிச் நாட்டின் மீது படையெடுப்பதற்காக வெளியே சென்றிருந்த வேளையில், பிலிஷ் காட்டில் அரசி கொல்லப்பட்டார். பெர்த்தோல்டும் அங்கே விருந்தினராக வந்திருந்த ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்டும் உயிர் தப்பினர். அயலவருக்கு வாரி வழங்கியதன் பழி முழுவதையும் அரசியின் மீதே சுமத்துவது நியாயமன்று என்பது என் எண்ணம். அந்தக் கொடைகளை வழங்கிய கை மன்னருடையது அல்லவா?

திரும்பி வந்த மன்னர், கொலையாளிகளில் ஒருவரான தோரேயின் மகன் பீட்டரைக் கழுவேற்றினார். பாங்க் பலட்டீன் பதவியை இழந்தார். ஆனால் உயிரையோ உடைமையையோ இழக்கவில்லை. சிலுவைப் போருக்கு மன்னர் புறப்பட்ட 1217இல் அவர் மீண்டும் ஸ்லவோனிய ஆளுநராக இருந்தார்; 1221இல் அரச நீதிபதியாகவும் உயர்ந்தார். மனைவியின் மானத்துக்காகப் பழிவாங்கி, குலத்தோடு அழிந்தவராக அவரைக் காட்டும் பிற்காலக் கதைகளோடு இந்தப் பதவிகளின் வரிசை சற்றும் பொருந்தவில்லை. அந்திராஷ் அரச நிலங்களைப் பிரபுக்களுக்கு நிரந்தரமாக வழங்கி, அவர்களுடைய ஆதரவையே நம்பி ஆண்டவர். ஆகவே சதியில் தொடர்புடைய ஒவ்வொருவரையும் தண்டிக்கப் புகுந்திருந்தால், படைக்கு ஆளும் அவைக்குத் துணையும் இல்லாமல் அவர் தனித்து நின்றிருப்பார் என்றே நான் கருதுகிறேன். அவர் மற்றவர்களை விட்டுவைத்ததைக் கருணை என்று என்னால் கொள்ள முடியவில்லை. அயலவருக்கு அவையின் ஒப்புதலின்றி உயர்பதவி வழங்கலாகாது என்று, பிரபுக்களுக்கு மன்னர் உரிமைகளை உறுதிசெய்து வழங்கிய 1222இன் பொற்சாசனம் விதித்ததைப் பார்க்கும்போது, அரசியின் சாவுக்குப் பின்னும் அந்தக் கசப்பு ஆறவில்லை என்பது தெரிகிறது.

மன்னரின் மூத்த மகன் பேலாவுக்குத் தாய் இறந்தபோது ஆறு வயது. அவர் எதையும் மறக்கவில்லை. தந்தை உயிரோடு இருந்தபோதே, 1228இல், சதியில் பங்குகொண்டவராகச் சொல்லப்பட்ட ஷிமோன் காச்சிச்சின் நிலங்கள் பறிக்கப்பட்டதில் இளவரசரின் கை இருந்தது. 1235இல் அரியணை ஏறிய பேலா, தந்தையின் பலட்டீனாக இருந்த தேனெஷின் கண்களைப் பறித்தார். பெரும்பாலான பிரபுக்கள் தம் முன்னிலையில் அமரக் கூடாது என்று ஆணையிட்டு, அவர்களுடைய இருக்கைகளை எரிக்கச் செய்தார். பீட்டரின் பழைய நிலத்தில் சிஸ்டெர்சியன் துறவியருக்கு மடம் அமைத்தார். பாங்கின் நிலங்களும் இறுதியில் அரசரிடமே போய்ச் சேர்ந்தன. தம் தாயின் கொலைக்கு உடந்தையாக இருந்ததே காரணம் என்று பேலாவின் ஆவணம் குறிப்பிடுகிறது.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின் வந்த இந்தத் தண்டனையை நீதி என்பீர்களா, அரச நிலங்களை மீட்பதற்குக் கிடைத்த வாய்ப்பு என்பீர்களா? இரண்டும் கலந்திருந்தன என்று நான் நினைக்கிறேன். ஆயினும் தாயை இழந்த மகனின் துயரமே முதன்மையாக இருந்தது என்று நம்புகிறேன். தங்கள் கருத்தை விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் நண்பன்