தண்டனை போதாது என்று கேட்கும் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரிவாளால் வெட்டியவருக்குக் கோர்ட் மிகக் குறைந்த தண்டனை கொடுத்தால், வெட்டுப்பட்டவர் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. தீர்ப்பு வந்தபின் வக்கீல் சொல்லித்தான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது.

2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்திருத்தம் பாதிக்கப்பட்டவருக்கும் மேல்முறையீட்டு உரிமை தந்தது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானாலோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ அவரே மேல் கோர்ட்டுக்குப் போகலாம். தண்டனை குறைவு என்ற காரணத்தை மட்டும் சேர்க்கவில்லை. அந்த உரிமை இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சரி, 2024 ஜூலையில் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்தபோதாவது திருத்தியிருக்கலாம். பாதிக்கப்பட்டவரின் மேல்முறையீட்டைச் சொல்லும் பழைய 372-வது பிரிவு 413 ஆனதுதான் மிச்சம்.

தண்டனை போதாதென்றால், புதிய சட்டத்தின் 418-வது பிரிவின்படி அரசு உத்தரவிட்டு, அரசு வழக்கறிஞர்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும். செஷன்ஸ் கோர்ட்டுக்கு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள் கெடு. தாமதத்தை மன்னிக்கக் கோரலாம்தான். அந்த மனுவையும் அரசுதான் போட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு மிஞ்சுவது, கீழ் கோர்ட் தீர்ப்பு சரிதானா என்று பார்க்கும்படி மேல் கோர்ட்டைக் கேட்கும் சீராய்வு மனு. அதை ஏற்பதும் தள்ளுவதும் நீதிமன்றத்தின் விருப்பம்.

கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட வழக்கில் ஆயுள் தண்டனை போதாது என்று மாநில அரசும் சிபிஐயும் தனித்தனியே உயர் நீதிமன்றம் போயின. 2025 பிப்ரவரியில் மாநில அரசின் மனு தள்ளப்பட்டு, சிபிஐயின் மனு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. நாடே பார்த்த வழக்குக்கு இரண்டு மனு. ஏதோ ஒரு தாலுகாவில் கை இழந்த கூலித் தொழிலாளிக்காக ஒரு மனு போட ஆள் உண்டா?

பழிவாங்கும் எண்ணம் புகுந்துவிடும் என்பார்கள். முடிவெடுக்கப்போவது நீதிபதிதானே? அதோடு, தண்டனையைக் கூட்டுமுன் எதிரியின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். அப்போது அவர் விடுதலையே கோரலாம். அந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்கட்டும். நான் தூக்குத் தண்டனை கேட்கவில்லை. கொடுங்காயத்துக்குப் பெயரளவுக்குத் தண்டனை கொடுத்தால், அது ஏன் என்று கேட்க வழி வேண்டும் என்கிறேன்.

413-வது பிரிவில் 'போதாத தண்டனை' என்று சேர்க்க நம் எம்.பி.க்கள் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை, அரசு மேல்முறையீடு செய்யப்போகிறதா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்பதைக் கெடு முடியுமுன் பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி தமிழக அரசு உத்தரவிடலாம். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகர், திருநெல்வேலி