கல்லை அனுப்ப மாட்டேன், நீங்கள் வாருங்கள்

கண்ணா,

உங்கள் கனடாவில், டிரம்ஹெல்லர் டைனோசர் மியூசியத்தில் எடுத்த போட்டோ எல்லாம் வந்து சேர்ந்தது. பாப்பா அந்த எலும்புக்கூட்டுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற படத்தை அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, டைனோசர் வாயைவிட இவள் வாய்தான் பெரிதாக இருக்கிறது என்று ஒரே சிரிப்பு. அதெல்லாம் சரி. படத்தோடு அனுப்பிய வாய்ஸ் மெசேஜில், "நம்ம ஊர்ல இந்த மாதிரி என்னம்மா இருக்கு, லாரியும் சிமென்ட் தூசியும்தான்" என்றாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதைச் சொன்ன கையோடு, பாப்பா கேட்கிறாள், யாராவது வந்தால் ஒரு ஃபாசில் கல் கொடுத்தனுப்பு என்றும் சொல்கிறாய். ஒன்றுமே இல்லாத ஊரிலிருந்து கல் மட்டும் எப்படியடா வரும்?

நானும் வாய்ஸில் பதில் சொன்னால் வேகத்தை இரண்டு மடங்காக்கித்தான் கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி, பாப்பாவுக்கும் படித்துக் காட்டு.

நம் அரியலூரின் அந்தச் சிமென்ட் தூசி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாயா? சுண்ணாம்புக்கல்லிலிருந்து. அந்தச் சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து. கல்லங்குறிச்சி பக்கத்துச் சுரங்கத்தில் வெட்டி எடுக்கிற கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தால் சிப்பி மேல் சிப்பியாக, தடித்த கொக்கி வளைவோடு, இடைவெளியே இல்லாமல் அடைந்து கிடக்கும். அதைத்தான் பொடித்துச் சுட்டு மூட்டையில் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுக்கு அந்தச் சிப்பிகள் தளமாகவும் தூணாகவும் நிற்கின்றனவோ, நம் வீடும் அதில் ஒன்று. கல்லக்குடி என்றால் 1953ல் தண்டவாளத்தில் படுத்த கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த ஊர்ச் சுரங்கத்தில் வெட்டியது ஒரு பழைய பவளப்பாறை என்பது எத்தனை பேருக்குத் தெரியும் சொல்.

சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடல் இந்தப் பக்கம் உள்ளே ஏறி வந்தது. இந்தியா அப்போது அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, பிரிந்த விளிம்பு பள்ளமாக இறங்க, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. நாலு கோடி ஆண்டுக்கு மேல் அந்தக் கடல் ஏறியும் வடிந்தும் இருந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஓர் அடுக்கு மண்ணையும் அதில் வாழ்ந்ததையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அடுக்குகள் கிழக்குப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் மேற்கே இருப்பது மூத்தது, கிழக்கே போகப் போக இளையது. காலையில் மேற்கே காரை என்கிற ஊரில் வண்டியை எடுத்துச் சாயங்காலம் கிழக்கே கல்லமேடு பக்கம் நிறுத்தினால் வழியில் கோடிக்கணக்கான ஆண்டுகளைத் தாண்டி வந்திருப்போம், நடுவில் டீ குடித்தாலும்கூட.

அந்தக் காரை ஊர் உனக்கு நினைவிருக்காது, சின்ன வயதில் வெயில் என்று அழுது வண்டியை விட்டே இறங்கவில்லை. நீ அனுப்பிய படத்தில் டிரம்ஹெல்லரின் மேடு பள்ளம் இருக்கிறதே, மழை அரித்து அரித்து ஒரு செடிகூட நிற்காமல் வரி வரியாய், அந்தக் காட்சிதான் காரையிலும், அளவு மட்டும் சிறியது. மஞ்சளும் சாம்பலுமாக மண், நடுநடுவே ஜிப்சம் வெயிலில் மின்னும். அந்த மண்ணில் சுறாப் பல் கிடைத்திருக்கிறது. அன்றைய திருச்சி மாவட்டத்தில் கிடைத்த இக்தியோசார் முதுகெலும்புகளைப் பற்றி லைடெக்கர் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1879லேயே எழுதியிருக்கிறார், பாப்பாவிடம் சொல், டால்பின் வடிவத்தில் கடலில் நீந்திய ஊர்வன, அவளுக்குப் பெயர் தெரிந்திருக்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் டிபன் பாக்ஸுக்குள் சோற்றுக்குப் பதில் கல்லைப் போட்டுக்கொண்டு வந்தான். விரல் நீளத்தில் ஒரு பக்கம் கூராக, தேன் நிறத்தில், பார்த்தால் துப்பாக்கிக் குண்டுதான். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள், ஒருத்தி இடி விழுந்த கல் என்றாள். ஒன்று இரண்டாக உடைந்திருந்தது, உடைந்த முகத்தைச் சன்னல் வெளிச்சத்தில் காட்டினேன், நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் ஊசி ஊசியாய் ஓடுகிற கோடுகள், அவற்றைச் சுற்றி வளையங்கள். அது பெலம்னைட். கணவாய் மீனுக்கு உறவுக்கார விலங்கு, அதன் உடம்புக்குள்ளே வால் பக்கம் இருந்த கெட்டிப் பகுதி. சதையெல்லாம் போய், துடுப்பும் கையும் கண்ணும் போய், அது மட்டும் மிச்சம். பையனுக்கு ஒரு கணம் ஏமாற்றம், அவன் குண்டு என்றே நம்பி வந்திருந்தான். கணவாய் என்றதும் சுறா துரத்தியிருக்குமா டீச்சர் என்று கேட்டான் பார், அதற்கப்புறம் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

அம்மோனைட்டும் அந்தக் கூட்டம்தான். பார்க்க நத்தையாகத் தெரியும், நத்தை அல்ல. சுருளை வெட்டிப் பார்த்தால் அறை அறையாகத் தடுத்திருக்கும், விலங்கு குடியிருந்தது கடைசி அறையில் மட்டும். வளர வளர முன்னால் நகர்ந்து பின்னால் ஒரு சுவர் எழுப்பிவிடும், காலி அறைகளில் இருக்கும் நீரை ஒரு மெல்லிய குழாய் வழியாக இழுத்துவிட்டு வாயுவால் நிரப்பி, அதைக்கொண்டு தண்ணீருக்குள் மிதக்கும். அந்தச் சுவர் ஓட்டோடு சேருகிற கோடு இருக்கிறதே, மேலோடு உதிர்ந்துபோன கல்லில் அது தெரியும், நெளிந்து நெளிந்து அத்தனை நுணுக்கமாக இருக்கும். உங்கள் பாட்டி பூஜையில் வைத்திருந்த சாளக்கிராமத்துச் சக்கரம் நினைவிருக்கிறதா? நேபாளத்தில் கண்டகி ஆறு உருட்டிக்கொண்டு வருகிற அந்தக் கல்லும் அம்மோனைட்தான், இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலுடையது, நம் ஊர்க் கல்லைவிட மூத்தது. பாட்டி அதற்குத் தினமும் பாலபிஷேகம் செய்தாள், நான் பள்ளிக்கூடத்தில் அதன் உறவுக்காரனைப் பற்றிப் பாடம் எடுத்தேன், இரண்டு பேருக்கும் சண்டை வந்ததில்லை.

இனி உன் ஊர் விஷயம். டிரம்ஹெல்லர் இருக்கிற ஆல்பர்ட்டா மாகாணமும் அந்தக் காலத்தில் கடல்தான் தெரியுமா? அங்கே அம்மோனைட்டின் முத்துப்பூச்சு அழியாமல், சிவப்பும் பச்சையுமாக ஜொலிக்கிறதாம், அம்மோலைட் என்று நகையில் பதிக்கிறார்கள், 2004ல் மாகாணத்து ரத்தினமாகவே அறிவித்துவிட்டார்கள். அதில் முக்கியமான இனம் பிளாசென்டிசெராஸ். அதே பிளாசென்டிசெராஸ் நம் பக்கமும் உண்டு. 1850களின் கடைசியில் அன்றைய திருச்சி மாவட்டம் முழுக்கச் சுற்றி நிலவியல் வரைபடம் போட்ட ஹென்றி பிளான்ஃபோர்டு, நம் இனத்துக்கு டமுலிகம் என்று தமிழை ஒட்டியே பெயர் வைத்திருக்கிறார். (இந்த பிளான்ஃபோர்டுதான் பின்னால் இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவர். இங்கே வாங்கிய வெயிலில் கிடைத்த யோசனையாக இருக்கும் என்பார் அப்பா.)

அவருக்கும் முன்னால் 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் இங்கே பொறுக்கிய ஓடுகள் லண்டனுக்குப் போய், எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் 1846ல் விவரித்து எழுதினார். அப்புறம் ஸ்டோலிச்கா, மொராவியாவில் பிறந்தவர், கல்கத்தாவில் உட்கார்ந்து நம் ஊர்ச் சிப்பி, சங்கு, அம்மோனைட் ஒவ்வொன்றையும் படம் வரைவித்துத் தொகுதி தொகுதியாக எழுதி முடித்தார். 1874ல் யார்க்கண்ட் போய்த் திரும்புகிற வழியில் லடாக்கின் உயரம் ஒத்துக்கொள்ளாமல் 36 வயதில் இறந்துபோனார், கல்லறை லேயில் இருக்கிறது. நம் கொளக்கானத்தமும் உட்டத்தூரும் கருடமங்கலமும் உலகத்து நிலவியல் புத்தகங்களில் வருவதற்கு இவர்கள் காரணம். உனக்குத்தான் தூசி.

டைனோசரும் வேண்டும் என்பாள் பாப்பா. இருக்கிறது, இருந்தது என்று சொல்ல வேண்டும். கடல் வடிந்து ஆற்று மண் படிந்த கடைசிக் காலத்து அடுக்கு கல்லமேட்டில் இருக்கிறது. அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் 1980களில் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் 2 மீட்டர். அப்பா நிற்கிற உயரத்தையும் தாண்டி, அதுவும் முட்டிவரைதான் என்று வைத்துக்கொள். முதலில் ஊன் தின்னும் வகை என்று நினைத்தார்கள், பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று தெரிந்தது, பூமியில் நடந்தவற்றிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் எலும்பு களிமண்ணில் ஊறிப் போயிருந்தது, மழைக்காலத்து ஈரத்தில் கட்டி எடுத்து வருவதற்குள்ளேயே பொடிய ஆரம்பித்து, இன்றைக்குக் கையில் ஒரு துண்டுகூடக் கிடையாது. போட்டோவும் படமும்தான். அது எலும்பே இல்லை, கல்மரம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள், 2022ல் அந்தக் காலத்துக் களப் படங்கள் வெளியான பிறகுதான் சந்தேகம் பெரும்பாலும் அடங்கியது. உங்கள் மியூசியத்தில் எலும்பைச் சுற்றிப் பஞ்சும் பிளாஸ்டரும் போட்டு வருடக்கணக்கில் சுத்தம் செய்கிற ஆட்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம் என்றாயே, அப்போது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. வயிறு எரிகிறது.

சுற்றிக்கொண்டிருக்கிற அந்த டைனோசர் முட்டை வீடியோவை மட்டும் யாருக்கும் அனுப்பாதே. குன்னம் பக்கம் 2020ல் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாய்க் கல் வந்தது, உடனே டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டுவிட்டது. முட்டையில்லை. கடல் சேற்றில் ஏதாவது ஓர் உயிர் புதைந்து அழுகும்போது அதைச் சுற்றி மட்டும் சுண்ணாம்புச் சத்து இறுகி, வெளியே வெளியே தடித்து உருண்டையாகிவிடும், உள்ளே ஓர் அம்மோனைட் இருந்தாலும் இருக்கும். எனக்கு முட்டையைவிட இதுதான் பிடித்திருக்கிறது, யாருக்கும் பிடிக்க வேண்டுமென்று இல்லை.

சரி, கல் விஷயம். அனுப்ப மாட்டேன். என்னிடம் இல்லாமலா, அலமாரியில் பிள்ளைகள் கொடுத்தது நிறைய இருக்கிறது, பெரும்பாலானவை எந்த ஓடையில் எடுத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அதுதான் பிரச்சினை. அம்மோனைட் இனங்கள் சீக்கிரம் சீக்கிரம் மாறியவை, அதனால்தான் எந்த அடுக்கு எந்தக் காலத்தியது என்று அவற்றை வைத்துக் கணக்கிடுகிறார்கள். மேலே என்ன, கீழே என்ன, பக்கத்தில் என்ன கிடந்தது என்று தெரிந்தால்தான் அந்தக் கல் பேசும், தெரியாவிட்டால் மேசை மேல் ஓர் அழகுப் பொருள், அவ்வளவுதான். இப்போது லீவு நாளில் காரில் வந்து சாக்கில் அள்ளிக்கொண்டு போகிறார்கள், ஆன்லைனில் விலை போட்டு விற்கிறார்கள், கேட்பாரில்லை. உங்கள் ஆல்பர்ட்டாவில் கிடைக்கிற ஃபாசில் மாகாணத்துக்குச் சொந்தம், தோண்டுவதற்கு அனுமதி வேண்டும், மேலே கிடப்பதை நிலத்துக்காரர் சம்மதத்தோடு எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாகாணத்தின் அனுமதி இல்லாமல் விற்கவோ வெளியே கொண்டுபோகவோ கூடாது. அங்கே அந்தச் சட்டத்துக்கு மரியாதை கொடுக்கிற நீ, இங்கே மட்டும் கொடுத்தனுப்பச் சொல்லலாமா?

அதனால் நீங்கள் வாருங்கள். மே மாதம் வேண்டாம், பாப்பா தாங்கமாட்டாள், ஜனவரிக்கு வாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழை அரித்துப் புதிதாக வெளிக்காட்டியிருக்கும், மண்ணும் காய்ந்திருக்கும். முதல் நாள் சாத்தனூர் கல்மரம் பார்க்கலாம், 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே மரம் கல்லாகப் படுத்திருக்கிறது, 1940ல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது. நிலத்து மரம் கடல் மண்ணில் எப்படி வந்தது என்று பாப்பாவையே யோசிக்கச் சொல், பதில் சொல்லிவிடாதே. அடுத்த நாள் காரை. அங்கே அவளே தேடட்டும், கிடைத்ததைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்துப் போட்டோ எடுக்கட்டும், திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு வரட்டும். கொண்டுபோக வேண்டும் என்று அழுதால் வாரணவாசியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அழைத்துப்போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம்.

டிக்கெட் போட்டதும் தேதி சொல், பொங்கல் சமயத்தில் கார் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பாப்பாவுக்குக் கணுக்கால் வரை மூடுகிற ஷூ வாங்கி வா, ஜிப்சம் துண்டு குத்தும், தொப்பியும் மறக்காதே. மருமகளிடம் கேள், காரைப் பக்கம் சாப்பாட்டுக்கு ஒரு கடையும் கிடையாது, புளியோதரை கட்டினால் போதுமா, இல்லை பாப்பாவுக்குத் தனியாகத் தயிர்சாதம் வேண்டுமா என்று.

அம்மா